கட்டிலருகே ஒரு சிரிப்பு

(பங்கின் பொன்விழா ஆண்டில், உலக நோயாளர் தினத்தன்று, பங்கு மன்றத்தில் நம் பங்குத்தந்தை அவர்கள் ஆற்றிய உரை)



லூர்து அன்னையின் திருநாளாகிய பிப்ரவரி 11ஆம் நாளை உலக நோயாளர் தினமாகக் கொண்டாடுமாறு திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் 1992இல் ஏற்பாடு செய்தார். 1993 முதல் அது நடைபெற்று வருகிறது. இவ்வாண்டு நம் விழாக் குழுவினர் இந்த நாளுக்கென நமக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'நோயாளரும் நம்பிக்கையும்'. பங்குச் சாமியார் பேசுகிறார் என்றால் விசுவாசத்தைப் பற்றித்தான் பேசுவார், ஒரு மணி நேரம் கண்ணை மூடிக் கேட்கலாம் என்று சிலர் வசதியாக உட்கார்ந்திருப்பது தெரிகிறது. ஆனால் நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பது வேறொரு நம்பிக்கை. கட்டிலில் கிடப்பவர், அந்தக் கட்டிலருகே வந்து நிற்கும் செவிலியர்மேல் வைக்கும் நம்பிக்கை. அது வருவதற்கு உள்ள வழிகளில் ஒன்று சிரிப்பு என்பது, பல ஆண்டுகளாக வார்டு வார்டாக நற்கருணை கொண்டுபோன நமக்குக் கிடைத்திருக்கும் அனுபவம்.

மருத்துவமனைக்குள் போனதும் ஒரு மனிதனுக்கு என்ன நேருகிறது என்று எண்ணிப் பாருங்கள். வாசல்வரை அவர் ஊர்ப் பெரியவர். நாலு பேர் எழுந்து நிற்பார்கள். உள்ளே போனால் 'பதினாலாம் நம்பர் பெட்'. முதுகுப்பக்கம் முடிச்சுப் போட்ட பச்சை அங்கியை மாட்டிவிடுகிறார்கள். எப்போது உண்பது, எப்போது உறங்குவது என்பதெல்லாம் பிறர் கையில். பெட்பேனுக்குக்கூட ஒருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. வீட்டில் கர்ஜித்தவர் அங்கே வாய் திறப்பதில்லை. டாக்டர் வந்து கேட்டால், "பரவாயில்லைங்க" என்ற ஒரே பதில்தான். டாக்டர் நிற்பது இரண்டு நிமிடம். ஷிப்டு முழுவதும் பக்கத்தில் இருப்பவர் செவிலியர். அவரிடமும் உண்மை வராவிட்டால் யாரிடம் வரும்?

உண்மை வராததால் உயிரே போகலாம் என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. ஊரில் கொடுத்த லேகியத்தைத் தின்றதைச் சொல்ல மாட்டார்கள். கொடுத்த மாத்திரையை மெத்தைக்கு அடியில் சொருகி வைப்பார்கள். மலத்தில் இரத்தம் போவதைச் சொல்ல வெட்கப்படுவார்கள்.

நாம் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். ஒரு முதியவருக்குக் காலையில் அறுவைச் சிகிச்சை. நள்ளிரவுக்குப்பின் எதுவும் உண்ணக் கூடாது என்று கட்டளை. இது ஏதோ சடங்கல்ல. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் ஏதேனும் இருந்தால், அது மேலே ஏறி நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். அதனால் உயிரே போகலாம். "ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார்; "இல்லை" என்றார் பெரியவர். கேஸ் ஷீட்டில் குறித்தாகிவிட்டது. பிறகு வேறொரு செவிலியர் வந்தார். முதல் நாளே பெரியவரின் மீசையைப் பாராட்டி, "இந்த மீசைக்குத் தனிக் கட்டில் போடணும்போல இருக்கே, ஐயா" என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்த பெண் அவர். நாம் பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு நற்கருணை கொடுத்துக்கொண்டிருந்தோம். தலையணையைச் சரிசெய்துகொண்டே அந்தப் பெண் சொன்னார்: "எங்க கேன்டீன் டீயைப் பத்தி எல்லாரும் திட்டுறாங்க ஐயா, கழுவின தண்ணி மாதிரி இருக்காம். நீங்க குடிச்சது எப்படி இருந்துச்சு?" பெரியவர் சட்டென்று, "சேச்சே, அது கேன்டீன் டீ இல்லம்மா, மருமகன் பிளாஸ்க்ல கொண்டாந்தது. நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். வார்டே சிரித்தது, அவரும் சிரித்தார். அறுவைச் சிகிச்சையை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள். அந்தப் பெண் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "நல்லவேளை, சொன்னீங்க" என்று மட்டும் சொன்னார்.

முதலில் கேட்டவர் கேட்ட கேள்வியில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அது போலீஸ்காரர் கேட்கும் கேள்வி. இரண்டாவது கேள்வி வீட்டு மனிதர் கேட்கும் கேள்வி. அது அன்று காலையில் திடீரென்று முளைத்ததுமன்று; முதல் நாள் மீசைப் பேச்சு அதற்குப் பாதை போட்டிருந்தது.

வள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தின் கடைசியில், மருத்துவம் நான்கு பேரால் நடப்பதாகச் சொல்கிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர். மருந்தையும் ஓர் ஆளாகச் சேர்த்து எண்ணியது ஒரு நயம் என்றால், செவிலியரை நான்கில் ஒருவராக எண்ணியது பெரிய நயம். அந்தப் பணியாளருக்கு என்னென்ன தகுதிகள் வேண்டும் என்று சொல்ல வரும் உரையாசிரியர் பரிமேலழகர், நோயாளிமேல் அன்பு வேண்டும் என்பதையும் அவற்றில் ஒன்றாக வைக்கிறார். அன்பிருக்கிறது என்பதை நோயாளி எப்படித் தெரிந்துகொள்வார்? ஊசி போடும் கை அன்பாகத்தான் போடுகிறது, ஆனால் வலிக்கிறதே! அங்கேதான் முகமும் சொல்லும் உதவிக்கு வர வேண்டியிருக்கிறது.

ஆனால் சிரிப்பு எல்லாம் ஒரே சிரிப்பல்ல. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தார். அந்த நகை பிறக்கும் இடங்கள் நான்கில் எள்ளலும் ஒன்று என்றார். எள்ளல் என்றால் பிறரை இகழ்வது. கட்டிலருகே ஆகாத சிரிப்பு அதுதான். பிரசவ வார்டில், வலியில் துடித்துக் கதறும் பெண்ணைப் பார்த்துச் சில வாய்கள் சொல்லும் கேலியை இந்த மேடையில் திருப்பிச் சொல்ல நமக்கு நா கூசுகிறது. அதைக் கேட்ட தாய்மார் இந்த மன்றத்திலேயே இருக்கக்கூடும். அந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகியிருக்கும். தாய் அந்தச் சொல்லை மறந்திருக்க மாட்டார். சொன்னவர் அதை வேடிக்கை என்றுதான் நினைத்திருப்பார். நிறத்தை, பருமனை, சாதியை, பிள்ளைகளின் எண்ணிக்கையை, படிப்பில்லாமையை வைத்துச் செய்யும் வேடிக்கையும் இந்த வகைதான்.

ரோஸ் கோசர் என்ற சமூகவியலறிஞர் அமெரிக்காவில் மருத்துவமனைகளில் இருந்து சிரிப்பைப் பற்றி ஆராய்ந்தார். நோயாளிகள் தங்களுக்குள் என்ன பேசிச் சிரிக்கிறார்கள் என்று அவர் எழுதியது 1959இல் வெளிவந்தது. மருத்துவமனைச் சட்டதிட்டங்களையும், தங்கள் நிலையையும் குறைசொல்லிக்கொண்டே சிரிக்கிறார்கள் என்று கண்டார். புலம்பினால் கேட்பவர் விலகிப்போவார். அதையே வேடிக்கையாகச் சொன்னால் பக்கத்துக் கட்டில்காரரும் சேர்ந்துகொள்வார். கேன்டீன் டீ விஷயம் அதுதானே! அடுத்த ஆண்டு, 1960இல், அவர் இன்னொரு கட்டுரை வெளியிட்டார். ஒரு மனநல மருத்துவமனையில் டாக்டர்களும் பணியாளர்களும் கூடும் கூட்டங்களில் யார் யாரைக் கேலி செய்கிறார்கள் என்று குறித்துப் பார்த்திருக்கிறார். மேலே இருப்பவர் கீழே இருப்பவரை வைத்துச் சிரிக்கிறார். கீழே இருப்பவர், மேலவர் முன்னிலையில் அவரைக் கேலி செய்வது அரிது. தண்ணீரைப்போலக் கேலியும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிறது!

மருத்துவமனையில் எல்லாரிலும் பள்ளத்தில் படுத்திருப்பவர் யார்? நோயாளிதான். ஆகவே, கவனமில்லாமல் விட்டால் எல்லாருடைய வேடிக்கையும் அவர் தலையில்தான் வந்து விழும். இதைத் திருப்பிவிடத் தெரிந்த செவிலியரே சிறந்தவர் என்போம். தன்னை வைத்துச் சிரிப்பார். நோயாளி தன்னைக் கேலி செய்தாலும் இடம் கொடுப்பார். "ஏம்மா, நேத்து நரம்பு தேடுறதுக்குள்ள விடிஞ்சிடுச்சே" என்று நோயாளி சொன்னால், "இன்னிக்குத் திசைகாட்டி கொண்டாந்திருக்கேன்" என்பார். அந்த ஒரு நிமிடம் நோயாளி மறுபடியும் ஊர்ப் பெரியவர் ஆகிவிடுகிறார்.

நம் திருச்சபையில் இதற்கு ஓர் அழகான சரித்திரம் உண்டு. புனித கமில்லுஸ் 1550இல் இத்தாலியில் பிறந்தவர். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள்; போர்வீரர்; சூதாடி. சூதாட்டத்தில் எல்லாவற்றையும் தோற்று நின்றவர். காலில் ஆறாத புண். அந்தப் புண்ணுக்கு மருந்து தேடி உரோமையில் புனித யாக்கோபு மருத்துவமனையில் சேர்ந்தார், அங்கேயே வேலையும் செய்தார், ஆனால் சண்டையும் சூதும் விடவில்லை, வெளியே அனுப்பிவிட்டார்கள். 1575இல் மனந்திரும்பினார். கப்புச்சின் சபையில் சேரப் போனார். புண் காரணமாக இருக்க முடியவில்லை. மீண்டும் அதே மருத்துவமனைக்கு வந்தார். இந்தமுறை நோயாளிகளுக்கு ஊழியராக வந்து, பிறகு நிர்வாகியாகவும் உயர்ந்தார். கூலிக்கு வேலை செய்தவர்கள் நோயாளிகளைப் படுத்திய பாட்டைக் கண்டு, அன்புக்காகப் பணிபுரியும் ஒரு கூட்டத்தைச் சேர்த்தார். 1586இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அதற்கு ஒப்புதல் தந்தார். அங்கியில் சிவப்புச் சிலுவை அணிந்தவர்கள் அவர்கள்.

இவ்வளவு கடுமையான மனிதருக்குப் பாவசங்கீர்த்தனக் குருவாக இருந்தவர் யார் தெரியுமா? உரோமை நகரையே சிரிக்க வைத்த புனித பிலிப்பு நேரி! தம்மைப் பெரிய புனிதர் என்று பார்க்க வந்தவர்கள் முன்னே பாதித் தாடியை மழித்துக்கொண்டு போய் நின்றவர் என்று சொல்லப்படுபவர். நகைச்சுவைப் புத்தகத்தைக் கையருகே வைத்திருந்தவர். தம்மிடம் வந்த இளைஞரை மருத்துவமனைகளுக்கு அழைத்துச் சென்று நோயாளிகளுக்குப் பணிசெய்யப் பழக்கியவர். அவர் கேலி செய்ததில் முதல் பலி அவரேதான். 1886இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர், கமில்லுஸையும் இறை யோவானையும் நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலராக்கினார். பிலிப்பு நேரியையும் கூடச் சேர்த்திருக்கலாம் என்பது நம் சொந்த அபிப்பிராயம். உரோமைக்கு எழுதிப் போடப் போவதில்லை.

இது மருத்துவமனைக்குள் மட்டும் நடப்பதுமல்ல. சென்னையில் 1956இல் காசநோய்க்கான மருந்தாய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அந்நாளில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக் கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்பதே வழக்கம். ஏழைகள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் போதாதா என்று அங்கே சோதித்தார்கள். ஓராண்டுச் சிகிச்சையில், நெருக்கமான வீடுகளில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப்போலவே தேறினார்கள் என்று 1959இல் உலகுக்கு அறிவித்தார்கள். உலகமே பின்பற்றிய முடிவு அது. ஆனால் வீட்டில் இருப்பவர் மருந்தைச் சாப்பிடுகிறாரா என்று எப்படித் தெரியும்? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். இன்றும் சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு நோய் மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்புகிறது.

வாசலில் வந்து நிற்கும் அந்தச் செவிலியரை நினைத்துப் பாருங்கள். எண்ண வந்தவர் என்று தெரிந்தால், நோயாளி எண்ணிக்கையைச் சரிசெய்து வைத்துவிடுவார்; பத்து மாத்திரை சாக்கடைக்குப் போகும். உட்கார்ந்து, "உங்க வீட்டுக் கோழிக்கு மட்டும் இருமலே வரலையே, அதுதான் உங்க மாத்திரையைத் திங்குதா?" என்று கேட்பவரிடம், "வயித்தைப் புரட்டுதும்மா, அதான் விட்டுட்டேன்" என்ற உண்மை வெளியே வரும். வயிற்றைப் புரட்டுவதற்கு வழி சொல்லலாம். ஒளித்து வைத்ததற்கு என்ன வழி சொல்வது?

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று. "ஊசி வலிக்கவே வலிக்காது" என்று சிரித்துக்கொண்டே சொல்வது நகைச்சுவையல்ல, பொய். அடுத்த ஊசிக்கு அந்தப் பிள்ளை யாரையும் நம்பாது. "வலிக்கும். நான் மூணு எண்ணும்போது நீ கத்துற கத்துல டாக்டர் மாடியிலிருந்து ஓடி வரணும், பார்ப்போமா?" என்பதில் உண்மையும் இருக்கிறது, விளையாட்டும் இருக்கிறது. நியூயார்க்கில் 1986இல் ஒரு சர்க்கஸ் கம்பெனியைச் சேர்ந்த மைக்கேல் கிறிஸ்டென்சன் என்ற கோமாளி, மருத்துவமனைப் பிள்ளைகளிடம் கோமாளிகளை அழைத்துப்போகும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். அவர்கள் டாக்டர் வேடம் போட்டு டாக்டரைத்தான் கேலி செய்தார்களே தவிர, பிள்ளைகளை அல்ல.

சிரிப்பே மருந்து என்று சிலர் மேடையேறிப் பேசுகிறார்கள். அமெரிக்கப் பத்திரிகையாசிரியர் நார்மன் கசின்ஸ், 1964இல் தமக்கு வந்த கடுமையான மூட்டு நோயின்போது வேடிக்கைப் படங்கள் பார்த்துப் பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியின்றித் தூங்க முடிந்தது என்று 1976இல் ஒரு மருத்துவ ஏட்டில் எழுதினார். அது ஒரு மனிதரின் அனுபவம். அதைக் கேட்டு இன்சுலினை நிறுத்திவிட்டுச் சிரிப்பு மன்றத்தில் சேர்ந்துவிடாதீர்கள். வலி உச்சத்தில் இருக்கும்போதும், கெட்ட செய்தியைக் கேட்ட அன்றும், புத்தி தடுமாறி யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுபவரிடத்தும் வேடிக்கை ஆகாது. வயிற்றில் தையல் போட்டவரைச் சிரிக்க வைக்க நேர்ந்தால், ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இருமும்போது சொல்லிக்கொடுப்பது போலவேதான். இது ஒரு செவிலியர் நமக்குக் கற்றுத் தந்தது.

வேடிக்கையை எப்போது நிறுத்துவது என்பதற்கு ஒன்று சொல்கிறோம். நாம் ஒரு பாட்டியைப் பார்க்கப் போயிருந்தோம். நோயில்பூசுதல் நோயுற்றவருக்குத் திடம் தரும் அருட்சாதனம் என்று எத்தனை முறை சொன்னாலும், பழைய அவஸ்தைபூசுதல் நினைவு நம் மக்களை விட்டுப் போகவில்லை. சாமியார் உள்ளே வந்தால் எமன் பின்னாலேயே வருகிறான் என்ற எண்ணம்! பாட்டி நம்மைக் கண்டதும், "சாமி, வந்தது சந்தோஷம். அந்த எண்ணெய்ப் புட்டி மட்டும் பைக்குள்ளேயே இருக்கட்டும்" என்றார். நாம் பதில் தேடுவதற்குள், பக்கத்தில் குளுக்கோஸ் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்த செவிலியர், "பாட்டி, சாமி உங்களுக்காக வரல. எனக்காக வந்திருக்காரு. மூணு நாளா நைட் டூட்டி, நான்தான் முந்திப்பேன்போல இருக்கு" என்றார். பாட்டிக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு.

அன்றிரவு பாட்டி அந்தச் செவிலியரைக் கூப்பிட்டு, "நெசமாச் சொல்லு தாயி, எனக்கு நேரம் வந்துட்டா?" என்று கேட்டிருக்கிறார். மகனிடம் கேட்கவில்லை, டாக்டரிடம் கேட்கவில்லை, நம்மிடமும் கேட்கவில்லை. அந்தப் பெண் இப்போது வேடிக்கை பேசவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "யாரைப் பார்க்கணும்போல இருக்கு பாட்டி?" என்று கேட்டாராம். பல ஆண்டுகளாகப் பேசாதிருந்த தங்கையின் பேரைச் சொன்னார் பாட்டி. மறுநாள் ஆள் போயிற்று, தங்கை வந்தார். அதன்பின் பாட்டியே எண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார்.

செவிலியர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு மற்றவர்களை விட்டுவிட நமக்கு மனமில்லை. நாற்பது ஐம்பது கட்டிலுக்கு ஓரிருவர் என்று இரவில் ஓடுகிறவரிடம் போய், "சிஸ்டர் முகத்துல சிரிப்பே இல்லை" என்று புகார் சொல்பவர்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். அவரை அதட்டுவதும், விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவதும், பார்வை நேரம் முடிந்தபின் வாச்மேனிடம் சண்டை போட்டு உள்ளே நுழைவதும் நாம்தான். பிறகு எங்கிருந்து சிரிப்பு வரும்? ஒரு நாள் நீங்கள் முந்திக்கொண்டு, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள்.

நோயாளியைப் பார்க்கப் போகும் நம் மரியாயின் சேனையினருக்கும், வின்சென்ட் தே பவுல் சபையினருக்கும் ஒரு விண்ணப்பம். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போங்கள். ஆனால், "எங்க சித்தப்பாவுக்கும் இதே வியாதிதான், பதினைஞ்சே நாள்" என்ற கதையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கட்டிலில் உட்காராதீர்கள். பத்து நிமிடத்துக்கு மேல் இருக்காதீர்கள். அவர் ஏதேனும் வேடிக்கை சொன்னால், பழைய வேடிக்கையாயிருந்தாலும் சிரியுங்கள்.

ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் மருத்துவமனைச் சந்திப்புக்கு வர விரும்புவோர் பெயர் எழுதக் கோயில் வாசலில் நோட்டு வைத்திருக்கிறோம். போன மாதம் நாலே பெயர்தான் இருந்தது. அதிலும் ஒன்று கோயில் பிள்ளையின் பெயர். நமக்கு அடுத்துப் பேச இருப்பவர் முப்பது ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் பங்குச் சகோதரி. நாம் சொன்னதில் எதெல்லாம் நடக்காது என்று அவர் சொல்வார். கேளுங்கள்.